ஓசூர் மாணவர் எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

கல்லூரி விழாவில் "நிறையப் படியுங்கள்" என்று பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கும் விருந்தினரிடம் மாணவர்கள் வழக்கமாகக் கேட்பது ஒரே கேள்விதான்: படித்தால் வேலை கிடைக்குமா? பாடப் புத்தகத்தைப் பற்றிய கேள்வி இல்லை இது. கதை, கட்டுரை, வரலாறு என்று மதிப்பெண் தராத புத்தகங்களைப் பற்றியது. பெரும்பாலான விருந்தினர்கள் சிரித்துக்கொண்டே, "வேலை என்ன, வாழ்க்கையே கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிடுகிறார்கள். கைதட்டல் கிடைக்கும். கேட்டவருக்குப் பதில் கிடைத்திருக்காது.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் நியாயம் உண்டு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-இல் டி.வி.எஸ். மொபெட் இங்கிருந்துதான் முதன்முதலில் வெளியே வந்தது. அசோக் லேலண்ட், டைட்டன் என்று அந்தப் பத்தாண்டிலேயே ஊரின் முகம் மாறிவிட்டது. இப்போது போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர் செய்கிறது, கிருஷ்ணகிரியை ஒட்டி டெல்டா, கெலமங்கலம் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ். பிளஸ் டூ முடித்த அக்கா கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய் வருகிறார். தம்பி டிப்ளமா முடித்ததும் அப்ரண்டிஸ். பி.எஸ்சி. படிக்கும் நடுப்பிள்ளைக்கு இறுதியாண்டில் கேம்பஸ் இன்டர்வியூ. 2004-இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கிருஷ்ணகிரியில், வீட்டில் முதல் பட்டதாரி என்பது இன்னும் பல கல்லூரி வகுப்பறைகளில் சாதாரணச் செய்தி. கையெட்டும் தூரத்தில் கம்பெனிக் கதவு தெரியும்போது மதிப்பெண் தராத புத்தகத்துக்கு ஏன் நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்பவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது.

நேர்மையான பதில் இதுதான்: கிடைக்காது. நாவல் படித்ததற்காக எந்த மனிதவள அதிகாரியும் வேலை தரப்போவதில்லை. வேலைக்கான திறன்களுக்கு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' போன்ற திட்டங்கள் இருக்கின்றன. அவற்றின் வேலையை வாசிப்பின் தலையில் கட்டுவது இரண்டுக்கும் நல்லதில்லை. வாசிப்பின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இடம் எது என்பதில்தான் குழப்பம்.

குழப்பத்தின் பாதி 'ஆளுமை வளர்ச்சி' என்ற பெயரில் கல்லூரிகளில் நடப்பதிலிருந்து வருகிறது. ஆளுமை வளர வேண்டுமா, இந்தத் தன்னம்பிக்கை நூலைப் படி என்று பத்து விதிகள், ஏழு பழக்கங்கள் கொண்ட புத்தகத்தைக் கையில் கொடுக்கிறார்கள். அத்தகைய நூல்களால் யாருக்கும் பயனில்லை என்று சொல்ல வரவில்லை. மனம் சோர்ந்த நேரத்தில் ஓர் ஊக்கச் சொல் உதவலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, உன் நிலைக்கு நீ மட்டுமே காரணம் என்ற ஒற்றைக் கருத்தில்தான் நிற்கின்றன. காண்ட்ராக்டில் மூன்று ஆண்டு ஓட்டிவிட்டு நிரந்தரம் ஆகாமல் வெளியே வந்த இளைஞருக்கு அந்தக் கருத்து உண்மையும் இல்லை, உதவியும் இல்லை.

இன்னொரு பாதி அறிவியலின் பெயரால் சொல்லப்படும் மிகை. நல்ல இலக்கியம் படித்தால் பிறர் மனத்தைப் புரிந்துகொள்ளும் திறன் உடனே கூடுகிறது என்று 2013-இல் 'சயின்ஸ்' இதழில் கிட், காஸ்டானோ என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. ஆனால் 2018-இல் அந்தச் சோதனையைப் பெரிய அளவில் மறுபடி செய்து பார்த்தபோது அதே விளைவு வரவில்லை. சில பக்கங்கள் படித்ததும் மனிதர் மாறிவிடுவார் என்ற எதிர்பார்ப்புதான் இங்கே தோற்றது. பல ஆண்டு வாசிப்பு என்ன செய்யும் என்பதை இந்தச் சோதனை அளக்கவே இல்லை. ஆகவே மேடையில் "ஆய்வுகள் சொல்கின்றன" என்று யாராவது தொடங்கினால், எந்த ஆய்வு, திரும்பச் செய்தபோது என்ன ஆனது என்று மாணவர்கள் கேட்கலாம். அப்படிக் கேட்கும் பழக்கமும் வாசிப்பிலிருந்து வருவதுதான்.

நின்று நிலைத்த ஆய்வு ஒன்றும் இருக்கிறது. நம் பேச்சுக்கு அதுதான் தேவை. 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் அமெரிக்காவில் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்புத் திறன் தேர்வில் கெட்டிக்காரர்கள், பின்தங்கியவர்கள், ஆட்டம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று நான்கு பிரிவு. படித்ததை நன்றாகப் புரிந்துகொண்டு திரும்பச் சொன்னது, வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்தவர்கள். கெட்டிக்கார வாசகர்கள், ஆட்டம் தெரியாததால் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். வாசிப்பு என்பது எழுத்துக்கூட்டும் திறன் மட்டும் இல்லை. ஏற்கெனவே தலைக்குள் இருக்கும் உலகத்தின் மேல்தான் அது காலூன்றுகிறது. "எனக்குப் படிக்க வராது சார்" என்று சொல்லும் மாணவர் பெரும்பாலும் சொல்ல வருவது, எனக்குத் தெரியாத உலகத்தைப் பற்றிய புத்தகத்தை என்னிடம் கொடுத்தார்கள் என்பதைத்தான்.

அப்படியென்றால் இந்த ஊர் மாணவருக்கு என்ன தெரியும்? கணக்கெடுத்தால் மலைப்பாக இருக்கும். பாகலூர்ப் பக்கத்துப் பசுமைக்குடிலில் ரோஜா எப்போது வெட்ட வேண்டும், காதலர் தினத்துக்கு என்ன விலை போகும் என்று தெரியும். ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் விலை விழுந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியும். பெங்களூரா மாங்காய் கூழ்த் தொழிற்சாலைக்குப் போகும்போது விவசாயிக்கும் ஆலைக்கும் நடக்கும் இழுபறி தெரியும். சி.என்.சி. இயந்திரத்தில் டூல் தேய்ந்தால் சத்தம் எப்படி மாறும் என்று அண்ணன் சொல்லித் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, மூன்று நான்கு மொழிகள் தெரியும்.

மொழி விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஓசூர், தளி, சூளகிரி வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்தில் தேர்வெழுதும் மாணவர்கள் ஏராளம். சந்தையில் கன்னடத்தில் பேரம் பேசிவிட்டு, பஸ்ஸில் தமிழில் சண்டை போட்டு, வீட்டுக்கு வந்து தெலுங்கில் சாப்பாடு கேட்பது இங்கே யாருக்கும் வியப்பில்லை. ஆனால் இந்தச் செல்வம் கல்லூரிக்குள் நுழைந்ததும் குறையாக மாறிவிடுகிறது. தமிழில் எழுத்துப்பிழை, ஆங்கிலத்தில் தயக்கம், வீட்டு மொழிக்கு எழுத்தே தெரியாது. எந்த மொழியிலும் சரளமாக ஒரு முழுப் புத்தகம் படித்து முடிக்காமலேயே பட்டம் வாங்கிவிட முடிகிறது. "இங்கிலீஷ் புக் படி, இங்கிலீஷ் வளரும்" என்ற அறிவுரை இவர்களிடம் போய்ச் சேரும்போது, முதல் பக்கத்திலேயே இருபது தெரியாத சொற்கள் வந்து நிற்கின்றன. புத்தகம் மூடப்படுகிறது, குற்றவுணர்வு திறக்கிறது.

எந்த மொழியில் தடங்கல் குறைவோ அந்த மொழியில் தொடங்குவதே சரி. ஒரு மொழியில் நீண்ட பத்தியைத் தொடர்ந்து படிக்கப் பழகிய மனம் அந்தப் பழக்கத்தை அடுத்த மொழிக்கும் எடுத்துச் செல்லும். ஆங்கிலம் வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. அதைத் தினம் ஒரு செய்திப் பத்தி, தெரிந்த துறையின் ஒரு கட்டுரை என்று பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லைக்கு அந்தப்பக்கத்து இலக்கியம் தமிழில் நிறையவே வந்திருக்கிறது, வந்துகொண்டும் இருக்கிறது. வேலை நிமித்தம் கர்நாடகம் போன இடத்தில் கன்னடம் கற்றுக்கொண்டவர் பாவண்ணன்; எஸ்.எல். பைரப்பாவின் 'பர்வ' நாவலைப் 'பருவம்' என்று தமிழாக்கி 2005-இல் மொழிபெயர்ப்புக்கான சாகித்திய அகாடமி விருது பெற்றார். நேமிசந்த்ராவின் 'யாத் வஷேம்' நாவலைக் கன்னடத்திலிருந்து கொண்டுவந்த கே. நல்லதம்பிக்கு 2022-இல் அதே விருது. விவேக் ஷான்பாகின் 'காச்சர் கோச்சர்' குறுநாவலையும் அவரே தமிழில் தந்திருக்கிறார். நெருக்கடியில் வாழ்ந்த ஒரு பெங்களூர்க் குடும்பத்துக்குத் திடீரென்று பணம் வருகிறது. அந்தப் பணம் வீட்டுக்குள் யார் யாரை எப்படி மாற்றுகிறது என்பதுதான் கதை. நிலம் விற்ற பணமோ முதல் சம்பளமோ வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்த மாணவர் இதை ஒரே இரவில் முடித்துவிடுவார். சிறிய புத்தகம். முதல் புத்தகம் சிறியதாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2025 மே மாதம் ஹாசன் நகரத்து எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகள் தீபா பஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் சர்வதேச புக்கர் பரிசு பெற்றன. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேட்கும் மொழி உலக மேடை ஏறியிருக்கிறது. அந்தக் கதைகளைக் கன்னடத்திலேயே வாசித்துக் காட்டக்கூடிய ஒரு பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ இந்த ஊரில் இருக்கக்கூடும்.

எழுத்தாளர் என்றால் தஞ்சாவூரிலோ சென்னையிலோ இருப்பார் என்ற நினைப்பையும் விட்டுவிடலாம். 'தாண்டவராயன் கதை' எழுதிய பா. வெங்கடேசன் ஓசூர்வாசி. 'புதுவிசை' இதழை நடத்திய ஆதவன் தீட்சண்யாவும் ஓசூர்க்காரர்தான். தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர். பாவண்ணனும் அதே துறை. தருமபுரியில் பணியாற்றிய ஜெயமோகனும் அதே துறை. தொலைபேசித் துறை தமிழுக்குச் செய்த தொண்டைப் பற்றி யாராவது தனியாக எழுதினால் நல்லது. மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது, இவர்கள் யாரும் வாசிப்பையும் எழுத்தையும் பிழைப்பாக வைத்துக்கொண்டு தொடங்கவில்லை. காலையில் வேலைக்குப் போனவர்கள்.

மொழிக்கு அடுத்து, இந்த ஊர் மாணவருக்குத் தெரிந்தது ஆறு. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை பெங்களூரின் கழிவுநீரை வாங்கிக்கொண்டு ஓசூருக்குள் வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை மலைபோல் பொங்கும் படத்தை ஒவ்வொரு மழைக்காலத்திலும் செல்பேசியில் பார்க்கிறோம், பகிர்கிறோம், மறக்கிறோம். சோப்புத்தூளிலும் ஆலைக்கழிவிலும் உள்ள வேதிப்பொருள்கள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் மதகிலிருந்து விழும் வேகத்தில் நுரை பொங்குகிறது என்பது வேதியியல் மாணவருக்குத் தெரியும். அதைத் தாண்டி, ஒரு தொழில் நகரமும் ஓர் ஆறும் சேர்ந்து வாழும்போது மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று அறிய நாவல்தான் துணை. திருப்பூரின் சாயக்கழிவைப் பற்றிச் சுப்ரபாரதிமணியன் எழுதிய 'சாயத்திரை', சிறுமுகையில் பவானிக் கரையில் எழுந்து மூடப்பட்ட செயற்கைப்பட்டு ஆலையைச் சுற்றி இரா. முருகவேள் எழுதிய 'முகிலினி' இரண்டையும் இந்த மாவட்டத்து மாணவர் படிக்க வேண்டும். ஆலை வந்ததால் வாழ்ந்தவர்களும் அவற்றில் வருகிறார்கள், ஆலையால் அழிந்தவர்களும் வருகிறார்கள். பல நேரம் இரண்டும் ஒரே ஆள்தான். அந்தச் சிக்கலை மனத்தில் தாங்கிக்கொள்ளப் பழகுவதைத்தான் நான் வளர்ச்சி என்று சொல்வேன். செய்தித் துணுக்கு நல்லவர், கெட்டவர் என்று இரண்டு நிமிடத்தில் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. நாவல் நானூறு பக்கத்துக்கு அந்தத் தீர்ப்பைத் தள்ளிப்போடுகிறது.

இரும்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பை வைத்து, கி.மு. 2172-லேயே இங்கே இரும்பு புழக்கத்தில் இருந்தது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைச் சான்றுகளை வைத்து அந்தக் காலத்தை இன்னும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பின்னால் தள்ளியது. அதன் மேல் அறிஞர்களின் விவாதம் நடக்கிறது. இதைப் பெருமைப் போஸ்டராக மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், காலக்கணிப்பு எப்படிச் செய்கிறார்கள், எங்கே ஐயம் எழுகிறது என்று படித்தால் அது வாசிப்பு. இரும்பிலிருந்து புறநானூற்றுக்கு ஒரு குறுக்குப் பாதை உண்டு. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன அவ்வையார் பாடியது அதன் 95-ஆம் பாட்டு. தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி அழகாக அடுக்கியிருக்கின்றன. எங்கள் தலைவனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோல் குத்துகிறார். டூல் ரூமில் வேலை பார்க்கும் ஒருவருக்கு உரையாசிரியர் இல்லாமலே இந்தப் பாட்டின் நக்கல் புரியும்: அடிக்கடி ரிப்பேருக்கு வரும் கருவிதான் நிஜமாக வேலை செய்யும் கருவி. அதியமான் பெயரில் கல்லூரி வைத்திருக்கும் ஊரில் இந்தப் பாட்டைப் பாடத்திட்டத்துக்கு வெளியே ஒருமுறையாவது படித்துப் பேச வேண்டாமா?

ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜியையும் இப்படிப் படிக்கலாம். ஓசூரிலும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் படித்து மேலே போனவர். எளிய தமிழில் வேதியியல் சொன்ன 'திண்ணை ரசாயனம்' அவருடையது. 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958-இல் சாகித்திய அகாடமி விருது பெற்றது. அதே ராஜாஜி முதல்வராக இருந்தபோது 1953-இல், பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் மீதி நேரம் வீட்டுத் தொழிலிலும் இருக்கட்டும் என்று கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தார்கள். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் போராடினார்கள். 1954-இல் காமராஜர் வந்ததும் அது கைவிடப்பட்டது. கிராமத்திலிருந்து கல்வியால் வெளியே வந்தவர் ஏன் அப்படி நினைத்தார், எதிர்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்று இரண்டு தரப்பையும் அவரவர் சொற்களில் படிப்பது, அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டு நிறுத்திக்கொள்வதைவிடப் பயனுள்ளது. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவருக்கு இது தன் சொந்த வரலாறும்கூட.

நேரம் இல்லை என்பது உண்மையான தடை. படித்துக்கொண்டே பகுதிநேர வேலைக்குப் போகிறவர், வாரக் கடைசியில் மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறவர், மாடு கறந்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவர் எல்லாம் இருக்கிறார்கள். இவர்களிடம் தினம் ஒரு மணி நேரம் என்று சொல்வதில் பொருளில்லை. ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஐம்பது கிலோமீட்டர். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாளில் பத்துப் பக்கம் ஓடும். மாதத்துக்கு ஒரு சிறு புத்தகம் என்பது அப்படியே கைகூடும். செல்பேசியில் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். படிக்கலாம். சுமார் 1,70,000 பேர் பங்கேற்ற 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான அலசல், தகவல் சார்ந்த எழுத்தைத் தாளில் படித்தவர்கள் சற்றுக் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள் என்றும், கதைகளில் அப்படி வேறுபாடு தெரியவில்லை என்றும் சொன்னது. ஆகவே பாடமும் கட்டுரையும் முடிந்தவரை தாளில், கதை எதில் கிடைத்தாலும் சரி. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் குவிந்து கிடக்கின்றன. கெடுப்பது திரை இல்லை. படிக்கும் பக்கத்தின் மேல் வந்து விழும் அறிவிப்புகள்தான். பஸ் ஏறியதும் டேட்டாவை அணைத்துவிட்டால் போதும்.

புத்தகம் வாங்கக் காசில்லை என்பதற்கும் ஒரு விளக்கம் தேவை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1948-இல். தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகச் சேர்கிறது. அதாவது ஓசூரில் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பமும் வாடகை வழியாக நூலகத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. உறுப்பினர் அட்டை வாங்குவது சலுகை கேட்பது ஆகாது, கட்டிய பணத்துக்குப் பொருள் வாங்குவது. அரசு உதவியோடு இப்போது மாவட்டம்தோறும் புத்தகத் திருவிழாவும் நடக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் பெறுகிறவர்கள் அதில் நூறு ரூபாயை அங்கே செலவிட்டால் தவறில்லை. மீதி வீட்டுக்குத் தேவை, தெரியும்.

கல்லூரிகள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. நூலகத்தை வகுப்பு நேரத்தில் மட்டும் திறந்து வைத்துவிட்டு, மாணவர் வருவதில்லை என்று வருகைப் பதிவேட்டைக் காட்டுவது பொருந்தாது. கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக ஆன சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பவை இரண்டு. இரண்டையும் சேர்த்துவைப்பது நூலகத்தின் பொறுப்பு என்பது அதன் பொருள். 1931-இல் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பத் தொடங்கியபோது அதைத் தொடங்கிவைத்தவரும் அவரே. வாசகர் வரும்வரை காத்திருக்கவில்லை.

அந்த மாட்டுவண்டியின் இடத்தில் இன்று கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன, வேலைக்கு வந்த பெண்கள் தங்கும் விடுதிகள் நிற்கின்றன. அவர்களில் பலர் தொலைதூரக் கல்வியில் பட்டம் படிப்பவர்கள். அவர்களும் கல்லூரி மாணவர்கள்தான், யாரும் அப்படிக் கணக்கெடுப்பதில்லை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். எவற்றுக்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் ஏழாம் அட்டவணையில் பொது நூலகம் அமைப்பதும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஆண்டுதோறும் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதும் கல்லூரி முதல்வர்கள், இந்த ஆண்டு அதே உறையில் இன்னொரு தாளையும் வைக்கலாம்: விடுதிக்கு ஓர் அலமாரி, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் புத்தகங்கள், இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கும் திறந்திருக்கும் ஓர் அறை.